குதிரைக்கு மட்டும் கொள்ளு வேண்டாம்

மாசி மாதம் ஒரு காலையில் ராஜா கொட்டகையில் நின்ற விதம் சரியில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி நின்றான். கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பினான், காலை எடுக்கவில்லை. குளம்பில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் ஏறாத நேரத்தில் காபி டம்ளர் மாதிரி சுட்டது.

ராஜா மட்டக்குதிரை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன். கொரோனாவில் கல்யாணங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோக, வைத்திருந்தவரால் தீனி போட முடியவில்லை. 2021இல் திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கு வந்தபோது அவன் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். பார்த்ததும் அம்மா அழுதுவிட்டாள். அன்று ஆரம்பித்த உபசாரம் நிற்கவே இல்லை. தவிடு, கழுநீர், கொள்ளு, வாழைப்பழம், வெள்ளிக்கிழமை ஆனால் கோயில் சர்க்கரைப் பொங்கல். வேலை என்று ஒன்றும் கிடையாது. மூன்று வருஷத்தில் முதுகு நடுவே வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்தது, பிடரி கொழுப்பு ஏறித் தடித்தது. ஊரே "குதிரை நல்லா தேறிடுச்சு" என்றது. எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையில், சம்பா அறுவடை முடிந்த வயலில் அவிழ்த்துவிட்டேன். அரிதாள் நடுவே சிந்திக் கிடந்த நெல்லை இரண்டு நாள் மேய்ந்தான். மூன்றாம் நாள் இந்தக் கோலம்.

வந்து பார்த்தவர் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டரம்மா. கணுக்காலுக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தார், திண்திண்ணென்று அடித்தது. "லேமினைட்டிஸ் சார். குளம்பு ஓட்டையும் உள்ளே இருக்கிற எலும்பையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற திசு வீங்கியிருக்கு. விட்டா எலும்பே கீழே இறங்கிடும்" என்றார். ஒரேயடியாக மாவுச்சத்து உள்ளே போனாலே வரக்கூடியதாம். கொழுத்த குதிரைக்கு இன்னும் சுலபமாக வருமாம். வலிக்கு மருந்து கொடுத்தார். கொட்டகையில் ஒரு முழத்துக்கு ஆற்று மணல் கொட்டச் சொன்னார். லாடக்காரரை வரவழைத்து லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவினோம்.

அப்புறம் டேப்பை எடுத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி 150 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளம் 140. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமாக எடை கிடைக்கும். 265 கிலோ வந்தது. உடல்வாகுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு, 5 இருந்தால் நல்லது, இவனுக்கு 8 என்றார். விலாவைத் தடவிப் பார்க்க ஒரு சுலபமான வழியும் காட்டினார். கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் மெலிவு. விரலை நீட்டிப் புறங்கையைத் தடவுவது போல இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவது போல இருந்தால் கொழுப்பு. ராஜாவின் விலாவில் உள்ளங்கைகூட இல்லை, தலையணைதான்.

பயத்தில் நான் செய்த முதல் வேலை, தீனியை அடியோடு நிறுத்தியது. மறுநாள் போனில் சொன்னபோது நல்ல திட்டு வாங்கினேன். கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் உடம்பில் இருக்கிற கொழுப்பு மொத்தமும் ரத்தத்தில் இறங்கி, ஈரல் கெட்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடும். குதிரையின் இரைப்பையில் எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிற்றில் புண் வரும். தினமும் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது சுமார் 4 கிலோ காய்ந்த தீவனம் போயே ஆக வேண்டும்.

வரப்பு அருகம்புல்லை அறுத்துக் காயவைத்தோம். அதை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொடுத்தால் சர்க்கரை கொஞ்சம் கரைந்து போய்விடும். வடிகிற தண்ணீர் கஷாயம் மாதிரி பழுப்பாக இருக்கும், அதைத் தென்னைக்கு ஊற்றினோம். கூட ஒரு பங்கு வைக்கோல். இரண்டு விரல் நுழைகிற கண் வைத்துக் கயிற்றில் வலை பின்னி, அதில் திணித்து, காலில் மாட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன். அரை மணியில் காலியாகிற தீனியை இரண்டு மணி நேரம் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். கீழே மணல் இருந்ததால் ஒரு பழைய ரப்பர் பாயும் போட வேண்டியிருந்தது, மணல் வயிற்றுக்குள் போனால் அது தனி வியாதி. கடைசித் தீனி இரவு பத்து மணிக்கு. தவிடு முற்றிலும் நின்றது. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, எலும்புக்குக் கேடு. பதிலாக ஒரு கைப்பிடி தாது உப்புக் கலவை.

கொள்ளுக்குத்தான் பெரிய சண்டை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க என்று டீக்கடை முழுக்க என்னைக் கேட்டது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அது மனுஷங்களுக்கு. வண்டி இழுக்கிற குதிரைக்குக் கொள்ளு போடறது தெம்புக்கு. இவன் என்ன வண்டி இழுக்கிறான்?" என்றார்.

இரண்டு மாதமாகியும் டேப் 150ஐ விட்டு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் தற்செயலாகக் கொல்லைப்பக்கம் போனேன். அம்மா முந்தானையில் மறைத்துப் பூவன்பழம் கொண்டுவந்து தோலோடு ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாயில்லாச் சீவன், பசியில பார்க்குதுடா" என்றாள். என்ன பதில் சொல்ல? நானும் அந்தப் பார்வைக்குத் தினமும் தோற்றுக்கொண்டிருந்தவன்தான். டாக்டரம்மா மறுபடி வந்தபோது அம்மாவின் கையைப் பிடித்து அந்தக் குளம்பின் மேல் வைத்தார், அப்புறம் விலாவில் வைத்தார். அதற்குப் பிறகு தோப்புக் கதவில் பூட்டுப் போட்டதே அம்மாதான். குருக்களின் பொங்கல், பிள்ளைகளின் கடலைமிட்டாய் எதுவும் உள்ளே வரவில்லை.

சித்திரைக் கடைசியில் குளம்புச் சூடு முழுதாகத் தணிந்து, நடக்கலாம் என்று அனுமதி வந்தது. தண்ணீர் ஓடாத குடமுருட்டியின் ஈர மணலில் முதலில் பத்து நிமிஷம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் ஆற்றுக்குள் இறங்க முடியாமல் கரைமேல் நடந்தோம். ஆடியில் காலை நாற்பது நிமிஷம், மாலை நாற்பது நிமிஷம். என் இடுப்பிலும் ஒரு பெல்ட் ஓட்டை குறைந்தது, அதை யாரும் பாராட்டவில்லை.

புரட்டாசியில் நெஞ்சுச் சுற்றளவு 142. ஐப்பசி மழையில் கரை சேறாகி நடை நின்றது, புல்லும் திடீரென்று தழைத்துவிட்டது, கார்த்திகையில் 144க்கு ஏறியது. போன வாரம் அளந்தேன். 140. கணக்குப் போட்டால் 231 கிலோ. பிடரி மட்டும் இன்னும் முழுதாக இளகவில்லை, அது கடைசியில்தான் கரையுமாம்.

தை பிறந்தால் அறுவடை, மறுபடி வயலெல்லாம் நெல் சிந்தும். சூடடிக்கும்போது மாட்டுக்குக் கட்டுகிற வாய்க்கூடையை, தண்ணீர் குடிக்க அடியில் ஒரு ஓட்டை வைத்து, ராஜாவின் மூஞ்சிக்கு ஏற்றபடி பின்னச் சொல்லியிருக்கிறேன். பழைய மாட்டு வாய்க்கூடையைப் போட்டுப் பார்த்தோம். அரை மணியில் தென்னை மரத்தில் தேய்த்துக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறான்.