சமர்த்துப் பிள்ளை

10 ஜனவரி 2025, கேத்தி

மாலையில், ஆட்டிசம் உள்ள மகனைத் தெரபிக்காகக் குன்னூருக்கு அழைத்துச் சென்றபோது, பள்ளிச் சீருடையோடு மூலையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "உங்கள் பெண் எவ்வளவு சமர்த்து!" என்றார் அங்கிருந்த ஒரு தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரவு அவளுடைய பையில் பென்சில் தேடியபோது, கடந்த வெள்ளிக்கிழமை நடந்து முடிந்த பெற்றோர் கூட்டத்தின் அறிவிப்பு நான்காக மடித்தபடி கிடைத்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "அன்னைக்குத் தம்பிக்குத் தெரபி இருந்ததே, அம்மா" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது.

16 ஜனவரி

பொங்கலுக்கு வந்த உறவினர்கள் வழக்கம்போல், "எங்களுக்கெல்லாம் அப்புறம் நீதான் கண்ணு தம்பியைப் பார்த்துக்கணும்" என்று அவள் தலையைத் தடவிச் சென்றார்கள். அவர்கள் போன பிறகு, கல்யாணம் ஆனால் தம்பியும் கூட வருவானா என்று கேட்டாள். பதினெட்டு வயது வரை பெற்றோரே காப்பாளர்கள் என்றும், அதன்பின் தேவைப்பட்டால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அப்போதும் நாங்களே காப்பாளர்களாகத் தொடர முடியும் என்றும், அக்கா என்பதாலேயே அந்தப் பொறுப்பு அவள் மீது தானாக விழுந்துவிடாது என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அதன் பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை அவள் மடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தானாம். அதனால்தான் இப்படி ஆனானா?

இத்தனை ஆண்டுகளாக இதை மனத்தில் வைத்திருக்கிறாள். ஆட்டிசம் விழுவதால் வருவதில்லை, யார் வளர்ப்பாலும் வருவதில்லை, மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது என்று சொன்னேன். மருத்துவர் எங்களுக்கு விளக்கியபோது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

26 ஜனவரி

ஞாயிறுதோறும் அவளுக்கென்று அரை மணி நேரம். அவன் அப்பாவோடு மலை ரயில் பார்க்கக் கேத்தி நிலையத்துக்குப் போய்விடுகிறான். மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி என்று தொடங்கி லவ்டேல், உதகை வரை வரிசை பிசகாமல் சொல்லும் அவனைத்தான் அரசுக் காகிதங்கள் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்கின்றன. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நிற்க. இன்றைய அரை மணி நேரமும், அவன் கிழித்த அறிவியல் படத்தைப் பற்றிய புகாரிலேயே கழிந்தது. "தம்பி தெரியாமல் செய்துவிட்டான், விட்டுக்கொடு" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவளுடைய அலமாரிக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

9 பிப்ரவரி

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் உடன்பிறந்தவர்களுக்கென்றே விளையாட்டும் பேச்சும் கலந்த சந்திப்புகளை டான் மேயர் என்பவர் 1982இல் அமெரிக்காவில் தொடங்கி, அதற்கு 'சிப்ஷாப்' என்று பெயரிட்டார் எனப் படித்தேன். எங்களால் முடிந்தது, தெரபிக்கு வரும் குழந்தைகளின் அக்கா, அண்ணன்கள் மூவரை வீட்டுக்கு அழைத்து, வர்க்கியும் தேநீரும் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் விலகி நின்றதுதான். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. கடைவீதியில் தம்பி உரக்கக் கத்தும்போது யார் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று ஒரு பையன் நடித்துக் காட்ட, என் மகள் விழுந்து விழுந்து சிரித்தது சமையலறை வரை கேட்டது.

12 பிப்ரவரி

காலையில் பள்ளி அறிவிப்பைக் குக்கர் மூடியின் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பெற்றோர் கூட்டம். தெரபியை வியாழனுக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறேன்.