8 எழுத்தில் அடங்காத மட்டக்களப்பு

இன்று மதியம் வரை ஒரு முகவரிப் பட்டியலோடு மல்லுக்கட்டினேன். கல்லடியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்திலிருந்து போக வேண்டிய கடித உறைகளில் ஊர்ப் பெயர் 'மட்டக்கள' என்று அச்சாகியிருந்தது. பட்டியலை எடுத்துத் தரும் ஸ்கிரிப்டில் (கட்டளைக் கோப்பில்) ஒரு எரர் கூட இல்லை.

எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் அட்டவணையில் பெயர் முழுசாக இருந்தது. அதை எடுத்துத் தரும் ஸ்டோர்ட் புரொசீஜரும் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) சரியாகத்தான் அனுப்பியது. அதை ஸ்கிரிப்டில் வாங்கி வைக்கும் மாறிக்கு நான் கொடுத்த அளவு என்வார்சார் 8, அதாவது 8 எழுத்துக்கான இடம். விரல் விட்டு எண்ணினால் மட்டக்களப்பு 8 எழுத்துத்தான். ஆனால் எஸ்கியூஎல் சேர்வருக்குப் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி, அதன் கணக்கில் 12. அம்பாறைப் பக்கம் அக்கரைப்பற்றும் அப்படியே: கண்ணுக்கு 8, சேர்வருக்கு 13.

அட்டவணைக்குள் நீளமான மதிப்பைத் திணித்தால் சேர்வர் வழக்கமாக எரர் தந்து மறுத்துவிடும். மாறிக்குள் போட்டால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். மாறிக்கு அளவே எழுதாமல் விட்டால் 1 எழுத்துத்தான் மிஞ்சும். எத்தனை பேருடைய பெயர்கள் இப்படி அறுந்து கிடக்கின்றனவோ என்று நினைக்கவே மனசு கேட்கவில்லை.

சரி, இப்போது புரொசீஜர் மதிப்போடு அதன் நீளத்தையும் இன்னொரு அவுட்புட்டாகத் தருகிறது. வந்ததன் நீளத்தோடு அது ஒத்துவராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இரு பக்கமும் நீளம் அளக்கும் டேட்டாலெங்த் கட்டளை கொண்டே அளவெடுங்கள், அதே வேலைக்கான லென் கடைசி இடைவெளிகளை எண்ணாது. புரொசீஜரைத் தொட அனுமதி இல்லையா? வாங்கும் மாறியைத் தேவைக்கு மேல் 1 கூட்டி வையுங்கள். வந்த மதிப்பு அதையும் நிரப்பிவிட்டால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

நாளை காலை உறைகளை மறுபடி அச்சிட வேண்டும்.