மிதவை கட்டுவதற்கு முன்னால்

மண்டபம், பாம்பன் பக்கம் வடகடல் (பாக் விரிகுடா) ஓரமாகக் கடல்பாசி வளர்க்க ஊர் கூடித் திட்டம் போட்டால், பாசி கட்டும் மூங்கில் மிதவை "எத்தனை கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அறுத்த பாசியை எங்கே காயப்போடுவது, வாடைக்காற்று அடித்து ஓய்ந்தபின் விதைக்கு (மறுபடி கட்டும் பச்சைப் பாசித் துண்டுக்கு) எங்கே போவது என்று அல்லவா கேட்க வேண்டும்? நாங்கள் போன வழியை, இடறின இடங்களோடு சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் வரைபடம். கரை மணலில் கோலமாவே போதும். கரைவலை இழுக்கும் பாடு, வள்ளம் போய்வரும் வழி, தானாக வளரும் கஞ்சிப்பாசி எடுக்கும் பாறை எல்லாவற்றையும் குறித்துவிட்டு, மிஞ்சிய கடல்தான் மிதவைக்கு. கூட்டத்தை நீர் வற்றும் நேரத்தில் வைத்தால் பாசிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். ஆண்கள் மட்டும் போட்ட படத்தில் காயப்போடும் களமே இருக்காது.

தென்கடலை (மன்னார் வளைகுடா) கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அங்கே 21 தீவுகளும் தேசியப் பூங்கா. நாம் மிதவையில் வளர்க்கிற, 'பெப்சி பாசி' என்று சொல்கிற கப்பாபைகஸ் அயல் இனம். குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்த கதை இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். "பாசி வளர்ப்புக்கு உதவ வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதின தீர்மானம் எங்கேயும் நகராது. எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, எந்தக் குழு பராமரிக்கும் என்று எழுத வேண்டும். களத்துக்குக் கான்கிரீட் கேட்டால் கடற்கரை ஒழுங்குமுறை விதி குறுக்கே நிற்கும். மூங்கில் பரணும் தார்ப்பாயும் கேட்பது புத்திசாலித்தனம்.

இனி மிதவைக் கணக்கு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், மூலைக்கு மூலை குறுக்குக் கழி. 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. ஆக மிதவைக்கு 60 கிலோ. ஓரா மீன் குருத்தைக் கடிக்காமலும், ஒடிந்த பாசி அடித்துப் போகாமலும் இருக்க அடியில் வலை. 45 நாளில் அறுக்கலாம். ஆளுக்கு 45 மிதவை என்பது இதிலிருந்து வந்ததுதான்: தினம் ஒன்றை அறுத்து, அன்றே மறுபடி கட்டிவிடலாம். நன்றாக விளைந்தால் ஒரு மிதவையில் 240 கிலோ வரை வரும். விதைக்கு 60 கழித்தால் 180 கிலோ. பத்துக்கு ஒன்று என்று காய்ந்தால் கையில் 18 கிலோ. மானிய விண்ணப்பத்தில் பச்சை எடையைப் போட்டு வருமானம் காட்டுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பாசி காய நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். வெறும் மணலில் போட்டால் மண் ஒட்டும், வியாபாரி எடையில் கழிப்பார். மழை பட்டால் வெளுத்து, தரம் போய்விடும். 20 பேர் தினம் ஒரு மிதவை அறுத்தால் ஒரே நேரத்தில் 60 மிதவைப் பாசி களத்தில் கிடக்கும். இடத்தை இதற்கேற்ப அளக்க வேண்டும்.

கோடையில் ஆழம் குறைந்த இடத்தில் நீர் சுட்டால் தண்டு வெளுத்து ஒடியும். 2013-14இல் இந்தக் கரையில் பாசி கூட்டமாகச் செத்ததற்குச் சூடும் ஒரு காரணம். வற்றத்திலும் இடுப்பளவு நீர் நிற்கும் இடமாகப் பார்க்க வேண்டும். ஆழம் அதற்கு மேல் போனால் பெண்கள் நின்று வேலை செய்ய முடியாது.

வாடைக்கு முன்னால் விதையை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று கரைகளில் பிரித்து வைக்க வேண்டும். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: விதை கடன் வாங்கினவர் அடுத்த அறுவடையில் அதே எடையைப் பச்சைப் பாசியாகவே திருப்ப வேண்டும், பணமாக அல்ல.