மாமியும் கோரைக்கிழங்கும்

கல்லடி மாமிக்கு கர்ப்பப்பைக் கழுத்து கென்சர், கரண்ட் வெச்சி மருந்தேத்தி கட்டியெல்லாம் கரைஞ்சிட்டு எண்டாங்க, அப்ப மறுகா ஏன் வருது எண்டு கேட்டா. நான் வாசிச்சத சொன்னன், கட்டிக்குள்ள ஸ்டெம் செல் (புதுச் செல்ல உண்டாக்கிற மூலச் செல்) மாதிரி கொஞ்ச செல் சும்மா உறங்கிக் கிடக்குமாம், மருந்து வேகமா பெருகிற செல்லத்தான் கூட அடிக்கும், இது தப்பிச்சி பிறகு முளைக்கும் (ஆராய்ச்சிக்காரங்க இதில இன்னும் புடுங்குப்படுறாங்க, அது வேற கதை). முத்தத்தில கோரை பறிச்சிட்டிருந்த மாமி மண்ணோட ஒரு கிழங்க தூக்கிக் காட்டி "இதுதானே மனே?" எண்டா. அதேதான்!

இந்தக் கென்சரக் கொண்டுவாற ஹெச்பிவி வைரசும் கர்ப்பப்பைக் கழுத்துத் தோல்ட அடித்தட்டுச் செல்லுக்குள்ளதான் போய்க் குந்துது, இந்தக் கென்சர்ல 70% கேசுக்கு 16, 18 எண்ட ரெண்டு வகைதான் காரணம். இலங்கையில 2017ல இருந்து ஆறாம் வகுப்பு பொம்புளப் பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல இதுக்குத் தடுப்பூசி போடுறாங்க. மச்சாளுக்கு 35 வயசு, இந்தக் கென்சர் இருக்கா எண்டு முன்னுக்கே பாக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குப் போக வெக்கமாம். செவ்வாக்கிழமை நான்தான் ஏத்திட்டுப் போறன்.