குக்கர் விசிலைப் பிடித்த எஃப்டி8

மூன்று ராத்திரியும் ஒரு சனிக்கிழமையும் போயே போச்சு. எஃப்டி8 (அமெச்சூர் ரேடியோவில் கணினி மூலம் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) போடப் போகிறவர்கள் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

அதற்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை இறக்கி, கால்சைன் (என் நிலையத்தின் அழைப்புக் குறி) போட்டு, இருப்பிடத்தைக் குறிக்கும் கிரிட் எம்கே92 (வேலூர்) என்று கொடுத்தேன். என் ரிக் (ரேடியோ பெட்டி) லேப்டாப்பில் இரண்டு காம் போர்ட்டாகத் தெரியும். ஒன்றில் பேசவில்லை, மற்றதில் பேசியது. ரிக்கோடு தொடர்பைச் சோதிக்கும் டெஸ்ட் கேட் பொத்தான் பச்சையானதும் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைத்தேன்.

14.074 மெகாஹெர்ட்ஸில் ரிக்கின் ஸ்பீக்கரில் எஃப்டி8-இன் ஊளைச் சத்தம் கணீரென்று கேட்கிறது. திரையில் ஒரு வரி கூட டிகோட் ஆகவில்லை, அதாவது சத்தம் எழுத்தாக மாறவில்லை. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஊஹும். கேபிள்தான் மோசம் என்று முடிவு கட்டி, காட்பாடியில் ரயில் ஏறி சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிட்சி தெருவுக்கே போய்விட்டேன். "எஃப்டி8-ஆ? எந்த கம்பெனி மொபைல் சார் அது?" என்றார் கடைக்காரர். விளக்கிச் சொல்லிப் பயனில்லை. நல்ல யூஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். அதே கதைதான்.

அன்று ராத்திரி அடுப்பில் பருப்பு. குக்கர் விசில் அடித்த அதே நொடி, வாட்டர்ஃபாலில் (வரும் ஒலியைக் கோடுகளாகக் காட்டும் படம்) தடிமனாக ஒரு மஞ்சள் தீற்றல்! கையைத் தட்டிப் பார்த்தேன், அதுவும் விழுந்தது. இத்தனை நாளும் மென்பொருள் கேட்டுக்கொண்டிருந்தது ரிக்கை அல்ல, எங்கள் வீட்டுச் சமையலறையை. செட்டிங்ஸில் ஆடியோ இன்புட் லேப்டாப் மைக்கில் நின்றிருந்தது. ரிக்கின் ஒலி வரும் யூஎஸ்பி ஆடியோ கோடெக் என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்ததும் மெல்லிய கோடுகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன.

அப்போதும் டிகோட் இல்லை! அழுகையே வந்துவிட்டது. கடைசியில் போன் கடிகாரத்தை லேப்டாப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லேப்டாப் 4 நொடி பின்தங்கி ஓடுகிறது. எஃப்டி8 எல்லாமே 15 நொடிக் கணக்கு. ஒவ்வொரு முறையும் 12.64 நொடி அனுப்பும். காதுக்கே எட்டாத சிக்னலையும் இரைச்சலுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. (பல்சருக்காக 1993-இல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரின் கைவண்ணம், சும்மாவா!) ஆனால் நேரம் ஓரிரு நொடிக்கு மேல் பிசகினால் ஒன்றும் நடக்காது. இணைய நேரத்தோடு ஒத்திசைத்தேன். அடுத்த 15-ஆவது நொடியில் திரை நிறைய வரிகள், ஜப்பான், இந்தோனேசியா, ரஷ்யா என்று.

ஒரு குறிப்பு: திரையில் ஒவ்வொரு சிக்னலின் நேர வித்தியாசத்தையும் நொடியில் காட்டும் டிடி என்ற பத்தியைப் பாருங்கள். எல்லோருக்கும் 1.5 போல ஒரே பக்கமாக எண் வந்தால் தப்பு அவர்களிடம் இல்லை, உங்கள் கடிகாரத்தில்.

அனுப்பும்போது ஏஎல்சி (ஆடியோ அதிகமானால் ரிக் தானே அடக்குவதைக் காட்டும் மீட்டர்) எழும்பாத அளவுக்கு ஆடியோவைக் குறையுங்கள். விண்டோஸ் ஓசைகளையும் மறக்காமல் அணையுங்கள். என்னுடைய முதல் சிக்யூவோடு (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) ஒரு "டிங்"கும் சேர்ந்து வானலையில் போனது. பவர் 25 வாட் வைத்தேன். இரண்டாவது சிக்யூவுக்கு இந்தோனேசியாவிலிருந்து பதில். என் சிக்னல் அளவாக -17 டெசிபல் கொடுத்தார், ஆர்ஆர்73 (கிடைத்தது, வணக்கம்) வந்தது, லாகில் (தொடர்புப் பதிவேடு) ஏற்றினேன். மணி ராத்திரி 9.40, சாம்பார் ஆறிப்போயிருந்தது.

பழைய கேபிளையே திரும்ப மாட்டிவிட்டேன். புதியது சும்மா கிடக்கிறது; காட்பாடி பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.