படுத்த ஆட்டத்தை நிமிர்த்தும் வேலை

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓமலூர் சுற்றுவட்டாரத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட்களுக்குக் கேமராவோடு போய்விடுவேன். முழு மேட்ச் வீடியோவைப் பசங்க யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குள் ரீல்ஸ் வர வேண்டும், ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவசரத்துக்குத்தான் ஏஐயைப் பிடித்தேன்.

முழு மேட்ச்சைப் பந்து பந்தாகப் பிரிக்கும் முதல் வேலையை அது நன்றாகவே செய்கிறது. 8 ஓவர் மேட்ச் என்றால் இரண்டு அணிக்கும் சேர்த்து 96 பந்து. பவுலர் ஓடி வருவதில் ஆரம்பித்து பந்து நிற்கும் வரை சராசரியாக 8 விநாடி என்று வைத்தாலும், மொத்த ஆட்டமே 13 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் ஃபீல்டிங் மாற்றுவது, புதருக்குள் போன பந்தைத் தேடுவது, வைடா இல்லையா என்ற பஞ்சாயத்து. ரன்-அப் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதால் பந்து பந்தாகப் பிரிப்பது ஏஐக்குச் சுலபம். முன்பு இதற்கே எனக்குப் பாதி ராத்திரி போய்விடும்.

படுத்த வாக்கில் எடுத்த வீடியோவை ரீலுக்காக நின்ற வாக்கில் நிமிர்த்துவதில்தான் சிக்கல். 1920-க்கு 1080 வீடியோவில் நின்ற வாக்கில் 9:16 வெட்டினால் அகலத்தில் 607 பிக்சல்தான் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு படம் காலி. அதனால் நான் 4கேயில்தான் (3840-க்கு 2160) எடுக்கிறேன். அதில் வெட்டினால் 1215 பிக்சல் கிடைக்கும், ரீலுக்குத் தேவையான 1080-க்குத் தாராளம். அப்புறம் கேமராவை வைக்கிற இடம். பக்கவாட்டில் நின்று எடுத்தால் பிட்ச்சின் 22 கெஜமும் படத்தில் குறுக்கே படுத்துக்கொள்ளும். எந்த ஏஐ வந்தாலும் பவுலரையும் பேட்ஸ்மேனையும் ஒரே ஃப்ரேமுக்குள் கொண்டுவர முடியாது. பவுலருக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரத்தில் ஸ்டாண்டைப் போட்டால் பிட்ச் தானாகவே நிமிர்ந்து நிற்கும். டிராக்டர் டிரெய்லர் கிடைத்தால் அதன்மேல் ஏறிவிடுவேன்.

அந்தக் கோணத்தில், பேட்ஸ்மேனின் காலடியில் இறங்கும் யார்க்கர் மாதிரி ரீலுக்குப் பொருத்தமான பந்து வேறில்லை. கை, பந்து, ஸ்டம்ப் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகி, 2020-21 ஆஸ்திரேலியா டூரில் மூன்று ஃபார்மட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமான இடது கை வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் எங்கள் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர். இங்கே இடது கைக்காரன் எவனாக இருந்தாலும் முதலில் கேட்பது யார்க்கர் ரீல்தான்.

பேட்டில் பட்டு பந்து பக்கவாட்டில் கவர் பக்கம் போனால் கதை மாறிவிடும், ஃப்ரேமும் கூடவே நகர வேண்டும். தானாக ஃப்ரேமை நகர்த்தும் கருவிகள் பெரும்பாலும் ஆளைத்தான் தேடிப் போகின்றன. கல்யாணத்துக்கு அது போதும், பொண்ணும் மாப்பிள்ளையும் எங்கே ஓடப்போகிறார்கள்? இங்கே பந்து பவுண்டரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது ஃப்ரேம் அம்பயரின் தொப்பிமேல் நிற்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகப் பந்து, விநாடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 90 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஷட்டரும் மெதுவாக இருந்தால் பந்து வெறும் கோடாகத்தான் பதிவாகும். 60 ஃப்ரேம், ஷட்டர் 1/1000 விநாடி என்று வைத்த பிறகு ஏஐக்குப் பந்து ஓரளவு தெரிகிறது. வானத்தில் ஏறினால் பிடித்துக்கொள்கிறது, தென்னை மரம் பின்னால் வந்தால் விட்டுவிடுகிறது. அங்கே கையால்தான் ஃப்ரேமை நகர்த்துகிறேன். 2023 உலகக் கோப்பையை ஹாட்ஸ்டார் போனில் நின்ற வாக்கிலேயே காட்டியது. அவர்களுக்கு மைதானம் முழுக்கக் கேமரா, எனக்கு ஒன்றே ஒன்று.

எது நல்ல பந்து என்று தேர்ந்தெடுப்பதை மட்டும் ஏஐயிடம் விடுவதில்லை. சத்தத்தைப் பார்த்துத்தான் அது மார்க் போடுகிறது. சிக்ஸருக்கு விசில், மைக் செட்டில் பாட்டு, உடனே அந்தக் கிளிப் மேலே ஏறிவிடும். டீ இடைவேளையில் பரிசுத்தொகை அறிவிப்பதையே ஹைலைட் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இரண்டு பந்து போட்டு, பேட்ஸ்மேனை அந்தப் பக்கம் நகரவிட்டு, மூன்றாவதைக் காலடியில் இறக்கினான் ஒரு பையன். ஏஐ மூன்றாவதை மட்டும் கொடுத்தது. அதை மட்டும் பார்த்தால் பேட்ஸ்மேன் ஏதோ தூங்கிவிட்ட மாதிரி இருக்கும். நான் மூன்றையும் சேர்த்துத்தான் போட்டேன். இப்படிப் போடும் ரீல்கள் சிக்ஸர் அளவுக்கு ஓடாது, இருந்தாலும் பந்து போடுகிற பசங்க தனியாக வந்து அதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

ஸ்கோரை மேல் பக்கம் வையுங்கள், கீழே வைத்தால் இன்ஸ்டாகிராமின் எழுத்து மறைத்துவிடும். சப்டைட்டில் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் மைக் அண்ணன் பேசும் வேகத்துக்கு எப்படியும் கையால் திருத்தத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்ய மாட்டேன். ஏஐ ஸ்லோ மோஷன் என்பது, இருக்கும் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேமை ஊகித்து வரைவது. சிக்ஸருக்கு அது அழகாக இருக்கும். ரன் அவுட்டுக்குப் போட்டால், பேட் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதையும் அதுவே வரைந்துவிடும். மேட்ச் முடிந்து இரண்டு அணியும் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள், "அண்ணா, நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கண்ணா" என்று. அதற்குக் கேமரா எடுத்த ஃப்ரேம்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவேன். பெயில்ஸ் விழுந்த நொடி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே போய்விட்டதென்றால் என்னிடம் பதில் கிடையாது, அம்பயர் சொன்னதுதான்.