வெட்டிய துண்டு

"வெட்டிய துண்டு எங்கே?" என்று கேட்டார்.

"குப்பையோடு போய்விட்டது, அண்ணே."

"பெருக்கிவிட்டீர்களா?"

"நேற்றே."

"சரி" என்றார். பார்சலை இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இவ்வளவுதான் பேச்சு. ஐப்பசியில் நடந்தது. ஆனால் மவுண்ட், அதாவது சட்டத்துக்குள் படத்தின்மேல் வைக்கும் ஜன்னல் திறந்த அட்டை, வெட்ட உட்காரும்போதெல்லாம் அந்தச் "சரி" காதில் விழுகிறது. அவர் கேட்ட துண்டு குப்பைக்குப் போகவில்லை. அப்படி ஒரு துண்டே கிடையாது.

கேட்டவர் மேலூர்ப் பக்கத்துக்காரர். அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு. வழக்கு ஹைகோர்ட் கிளை வரை வந்துவிட்டது. ஊரிலிருந்து மதுரைக்கு வரும் சாலையில்தான் அந்தக் கட்டடம். வாய்தாவுக்கு வந்த கையோடு படத்துக்குச் சட்டம் போடும் என் கடைக்கும் வந்தார். அம்மாவின் முதல் வருடத் திதிக்குப் படம் மாட்ட வேண்டும். அவர் நீட்டியது 10-க்கு 8 அங்குலக் கலர்ப் படம். நடுவில் நாற்காலியில் அம்மா, இடப்பக்கம் இவர், வலப்பக்கம் அண்ணன். அண்ணனின் கை அம்மாவின் தோளில் இருந்தது.

"இவனை வெட்டிவிடுங்கள்" என்றார்.

ஸ்கேன் செய்து, அம்மாவை மட்டும் தனியாக எடுத்துப் புதிதாகப் பிரிண்ட் போடலாம் என்றேன். அசல்தான் வேண்டும், அம்மா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த படம் இது என்றார். நெகட்டிவ் இல்லை. அப்படியானால் வெட்ட வேண்டாம், மவுண்டுக்கு அடியில் மறைத்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதை மறக்க முடியவில்லை: "மறைத்தால் உள்ளேயே இருப்பான் அல்லவா? வேண்டாம். வெட்டுங்கள்."

ஆகட்டும் என்றேன்.

அப்படிச் சொன்னபோதே வெட்டப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மேசையில் படத்தை வைத்து, இரும்பு ஸ்கேலைப் போட்டு, பிளேடைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் மவுண்ட் வெட்டுகிறவனுக்குப் பழகிப்போன ஒரு கட்டுப்பாடு உண்டு: அட்டை எத்தனை வீணானாலும் படத்தில் பிளேடு படக்கூடாது. அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பென்சிலில் கோடு போட்டு, 45 டிகிரி சாய்வில் வெட்டுகிறோம். மூலையில் ஒரு நூல் முந்தி நின்றால் நடுத்துண்டு விழாது. ஒரு நூல் தாண்டினால் மூலையில் கீறல் விழும். கெட்டால் அட்டைதான் கெடும், வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்துக்கு வேறொன்று கிடையாது.

வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் படத்தின் ஓரத்தில் அரைக்கால் அங்குலம்தான் அட்டைக்கு அடியில் போகும். இங்கே அண்ணன் முழுவதுமாகப் போக வேண்டும். 6½ அங்குல அகலத்துக்கு ஜன்னல் வைத்தேன். வலப்பக்கம் 3 அங்குலத்துக்கு மேல் படம் உள்ளே மறைந்தது. அது வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க, பக்கவாட்டில் 4 அங்குலமும் அடியில் 4½ அங்குலமும் ஓரம் விட்டேன். அமிலமில்லாத பருத்தி அட்டையையே போட்டேன். மலிவு அட்டையில் உள்ள அமிலம் வருடங்கள் போகப் போகப் படத்தில் பழுப்புக் கோடு இழுத்துவிடும்; அந்தக் கோடு அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் விழுவதை நான் விரும்பவில்லை. படத்தை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதப் பட்டைகளால், ஈரம் காட்டினால் விட்டுவிடும் மாவுப் பசையில் தொங்கவிட்டேன். பெரிதான சட்டத்துக்கும் நல்ல அட்டைக்கும் கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. இதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். நியாயம் இருந்திருந்தால் சொல்லவே வேண்டியிருக்காது என்றும் தோன்றுகிறது.

விரல்கள்தான் பிரச்சினை. ஜன்னலை எவ்வளவு நெருக்கினாலும் அம்மாவின் தோள்மீது அண்ணனின் நான்கு விரல்கள் நின்றன. இன்னும் நெருக்கினால் தோள் போய்விடும், காதோரம் அட்டை வந்து முட்டும். விட்டுவிட்டேன்.

வாங்க வந்தவர் வெகுநேரம் பார்த்தார். "ஓரம் அதிகமாகத் தெரிகிறதே" என்றார். பெரிய ஓரம் படத்துக்கு எடுப்பு என்றேன். அது பொய்யில்லை, ஆனால் காரணம் அதுவும் இல்லை. பிறகு, "அண்ணன் விரல் தெரிகிறது" என்றார். அதை எடுத்தால் அம்மா தோளும் போய்விடும் என்றேன். "இருக்கட்டும்." அதன் பிறகுதான் துண்டைப் பற்றிக் கேட்டார்.

முதல் நாள் "இவன்" என்றவர் அன்றைக்கு "அண்ணன்" என்றார். அப்போது நான் கவனிக்கவில்லை. பல நாள் கழித்து, ராத்திரி படுத்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அப்படித்தான் சொன்னாரா, என் ஆசை அப்படிக் கேட்டுக்கொண்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

துண்டு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருப்பாரா, வாசலிலேயே கிழித்துப் போட்டிருப்பாரா? நான் அந்த இடத்தில் "அண்ணே, வெட்டவில்லை, உள்ளேயே இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். அதற்காகவே அந்தக் கேள்வி வந்தது போலக்கூட இருந்தது. சொல்லாததற்குக் காரணம், சொன்னதைச் செய்யாதவன் என்று ஆகிவிடுவேனே என்ற பயம்தான். அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்கும் பெரிய எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

நான் மறுத்திருந்தால் அடுத்த கடையில் ஒரு நிமிடத்தில் வெட்டிக் கொடுத்திருப்பார்கள். உண்மை. ஆனால் படம் அவருடையது, அம்மா அவருடையவர், கோபமும் அவருடையது. உள்ளே இருக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவரின் வீட்டுச் சுவரில், அவருக்குத் தெரியாமல், அவர் அண்ணனை மாட்டிவைக்க நான் யார்? அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார். வெளிச்சம் படுகிற இடம்தான் கலர்ப் படத்தில் முதலில் வெளுக்கும். சில வருடங்களில் அம்மாவும் இவரும் மங்கிவிடுவார்கள். இருட்டில் இருக்கும் அண்ணன் அவ்வளவு மங்கமாட்டார். வெட்டாமல் காப்பாற்றினேன் என்று நினைக்கும்போதெல்லாம் இதுவும் கூடவே வந்து நிற்கிறது.

தை மாதம் ஒரு நாள் வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர், மழையில் கண்ணாடிக்கு உட்பக்கம் பனித்தது போல் இருக்கிறது, கழற்றித் துடைக்க வேண்டும் என்றார். கொண்டு வாருங்கள் என்றேன். நீங்களே கழற்றாதீர்கள் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாசியும் பாதி போய்விட்டது, இன்னும் கொண்டு வரவில்லை.

அதே சட்டத்துக்குள் உட்காரும் அளவில் இன்னொரு மவுண்ட் வெட்டியிருக்கிறேன். இதில் ஜன்னல் 9¾ அங்குல அகலம். நான்கு மூலையும் சுத்தமாக வந்திருக்கிறது. அவர் வரும்போது இதை எடுப்பேனா, பழையதையே துடைத்துத் திரும்பப் பூட்டிவிடுவேனா என்று தெரியவில்லை. செய்தித்தாளில் சுற்றி, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.